மாடித்தோட்டம் போடக் காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ

யாழ்ப்பாணத்தில மாடியிலயும் வெளிச்சுவரிலயும் தோட்டம் அமைச்சுத் தாறம் எண்டு வாற ஆக்களிட்டைக் கவனமா இருங்கோ. பேர் போடேல்லை, நடந்ததை மட்டும் சொல்லுறன்.

திருநெல்வேலியில எங்கட ரெண்டு மாடிக் கட்டடத்துக்கு ஒரு கொம்பனி செய்து தந்தது. பராமரிப்பும் தங்கட பொறுப்பு எண்டு எழுதித் தந்தவை. ஆனா செடி வெட்ட, குழாய் திருத்த வாறவர் எங்க நிண்டு வேலை செய்வார் எண்டது அவையின்ர வரைபடத்தில ஓரிடத்திலயும் இல்லை.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது. சுண்ணாம்பு படிஞ்சு செடியளுக்குப் போற சொட்டுக் குழாய் அடைக்கும் எண்டு இஞ்ச தோட்டம் செய்யிற எல்லாருக்கும் தெரியும். அடைக்கிற நேரமெல்லாம் ஒருத்தர் ஏறத்தானே வேணும்? ஒரு பெடியனைத் தனிய அனுப்பினவை. விழாமல் பிடிக்கிற பாதுகாப்பு பெல்ற் இல்லை, கீழ ஏணி பிடிக்கவும் ஆளில்லை. ஈரச் சுவரில ஏணி வழுக்க, அவன் சன்னல் கம்பியைப் பிடிச்சுத் தொங்கினான். கை கிழிஞ்சதோட தப்பினான். போன் எடுத்துக் கேட்டால், "அண்ணை, அவன் பழகின பெடியன்தானே" எண்டினம். மருந்துக் காசும் குடுக்கேல்லை. எனக்கு இண்டைக்கும் கொதிக்கிறது அதுக்குத்தான்.

பிறகு ஒரு எஞ்சினியரைக் கூட்டிவந்து காட்டினன். மண்பாத்தியை மாடி விளிம்போட ஒட்டிக் கட்டியிருக்கினம். மூண்டடிக் கைப்பிடிச்சுவர், பாத்தியில ஏறி நிக்கிறவருக்கு ரெண்டடிதான். குனிஞ்சு களை பிடுங்கினால் விழ வேண்டியதுதான். அமெரிக்கப் பாதுகாப்பு விதியில விளிம்புத் தடுப்பு ஏறக்குறைய 42 அங்குலம், அதாவது மூண்டரை அடி, இருக்க வேணும். பெல்ற் கொழுவுற கொக்கி ஆளுக்கு 5000 இறாத்தல் தாங்க வேணும். எங்கட மாடியில கொக்கியே இல்லை. பாரத்தையும் ஆரும் கணக்குப் பாக்கேல்லை: 10 சென்ரிமீற்றர் ஆழ மண்ணே மாரி மழையில ஊறினால் ஒரு சதுர மீற்றருக்கு 150 கிலோவைத் தாண்டும்.

ஆகவே வரைபடத்தை வைச்சுக் கேளுங்கோ: ஆள் எந்த வழியால ஏறுவார், எங்க நிப்பார், பெல்ற்றை எதில கொழுவுவார், பாரத்துக்கு எந்த எஞ்சினியர் கையெழுத்து வைச்சவர்? பதில் இல்லையெண்டால் முற்பணம் குடுக்காதேங்கோ.

இப்ப பாத்தியளை மாடி நடுவுக்கு மாத்தி, சுவர்ச்செடியளை நிலத்தில நிண்டு கை எட்டுற உயரத்தோட விட்டிருக்கிறம். கொம்பனி மிச்சக் காசு கேட்டு இப்பவும் போன் எடுக்குது. முதல்ல பெடியன்ர மருந்துக் காசைக் குடுங்கோ, பிறகு கதைப்பம் எண்டு சொல்லியிருக்கிறன்.