கால்பந்து வீரரின் சுயசரிதை வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் ஆன்லைனில் ஒரு புத்தகம் வாங்கி நன்றாக ஏமாந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த நடுக்கள வீரர் ஒருவரின் சுயசரிதை என்று நம்பி வாங்கியது. விற்றவர் பெயரையும் வீரர் பெயரையும் இங்கே போடப் போவதில்லை. இப்படி ஒரு புத்தகம் இருப்பதே அந்த வீரருக்குத் தெரிந்திருக்காது, பாவம்.

அட்டை முழுக்க அவர் முகம். மேலே கொட்டை எழுத்தில் 'என் வாழ்க்கை' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. நாலரை ஸ்டார். விமர்சனங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் ஆர்டர் போட்டேன். பிறகு பார்த்தால் பாதிப் பேர் "பேக்கிங் அருமை", "சொன்ன தேதிக்கு வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

பார்சலைக் கையில் வாங்கும்போதே எடை குறைவாக இருந்தது இடித்தது. பிரித்தால் 120 பக்கம், குழந்தைகள் புத்தகம் அளவுக்குப் பெரிய எழுத்து. பெரிய பதிப்பகங்கள் போடும் வீரர்களின் சுயசரிதை என்றால் நடுவில் வழவழத் தாளில் புகைப்படங்கள் இருக்கும்: முன்பல் விழுந்த பையனாக ஒன்று, முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஒன்று, கோப்பையோடு ஒன்று. இதில் ஒரு படம்கூட இல்லை. சரி, படம் பார்க்கவா வாங்கினோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு முதல் பக்கத்துக்குப் போனேன். தமிழில் சொன்னால் இப்படித்தான் ஆரம்பிக்கிறது: "நான் ஓர் ஓய்வுபெற்ற நடுக்கள வீரர். என் தலைமுறையின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவராகப் பரவலாகக் கருதப்படுகிறேன்."

தன் கதையை எந்த மனுஷன் இப்படி ஆரம்பிப்பான்? யாரோ இணையத்தில் கிடைத்த கட்டுரையை எடுத்து, 'அவர்' வருகிற இடத்தில் எல்லாம் 'நான்' போட்டிருக்கிறார்கள். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. 47ஆம் பக்கத்தில் அப்பா இறந்துபோகிறார். 'என் தந்தை காலமானார்' என்று ஒரு வாக்கியம். அடுத்தது, 'அவர் அடுத்த ஆட்டத்தில் விளையாடவில்லை.' செத்தவர் எப்படி விளையாடுவார் என்று ஒரு நொடி குழம்பினேன். அந்த 'அவர்' மகன், மாற்ற மறந்துவிட்டார்கள். அதற்கடுத்த வரியில், கிளப் மாறியதற்கான டிரான்ஸ்ஃபர் தொகை வந்துவிடுகிறது.

ரிட்டர்ன் கேட்டேன். பின்னட்டையில் பார்கோடுக்குக் கீழே பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். 'அதிகாரபூர்வமற்ற வெளியீடு' என்று எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வார்த்தை. "நாங்கள் எதையும் மறைக்கவில்லையே சார்" என்று பதில் வந்தது.

நண்பன் ஒருவனிடம் புலம்பினால், "ஒரிஜினல் மட்டும் என்ன வாழ்ந்தது? அதையும் வீரர் பெயரில் வேறொருத்தன், கோஸ்ட் ரைட்டர்தானே எழுதுகிறான்" என்றான். முழுசாக மறுக்க முடியவில்லை. இங்கிலாந்து வீரர் வேய்ன் ரூனி 2006இல் ஐந்து புத்தகங்களுக்கு ஒப்பந்தம் போட்டபோது அவருக்கு 20 வயது. தொகை 50 லட்சம் பவுண்டு என்று செய்தி வந்தது. இருபது வயதில் அஞ்சு புத்தகத்துக்கு என்ன கதை இருக்கும்? முதல் புத்தகத்தில் தன்னைப் பற்றி எழுதியதற்காகப் பழைய பயிற்சியாளர் டேவிட் மோயஸ் வழக்குப் போட்டு, ரூனி மன்னிப்புக் கேட்டுப் பணமும் கட்டினார். ஸ்வீடன் வீரர் ஸ்லாடன் இப்ராஹிமோவிச்சின் புத்தகம் உலகம் முழுக்க விற்றது. அதை எழுதிய டேவிட் லாகர்கிரான்ட்ஸ், அதில் ஸ்லாடன் அப்படியே சொன்ன வாசகம் என்று அநேகமாக எதுவும் இல்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் அந்த வகையில் அது நல்ல புத்தகம்.

ஆனால் எனக்கு வந்ததும் அதுவும் ஒன்றல்ல. கோஸ்ட் ரைட்டர் எழுதினாலும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து பேசியிருக்கிறான். பேசியது சில நேரம் அவனுக்கே வினையாக முடிந்திருக்கிறது. எதிரணி வீரர் ஆல்ஃப்-இங்கே ஹாலண்டை ஆட்டத்தில் வேண்டுமென்றே சாய்த்தது போல மான்செஸ்டர் யுனைடெட் வீரர் ராய் கீன் 2002இல் எழுதியதற்கு ஐந்து ஆட்டத் தடை, 1,50,000 பவுண்டு அபராதம். ஆஷ்லி கோல், தன் கிளப்பான ஆர்சனல் வாரத்துக்கு 55,000 பவுண்டுதான் சம்பளம் தரும் என்று கேட்டதும் காரை ரோட்டை விட்டே இறக்கப் பார்த்தேன் என்று எழுதி ஊர் சிரிக்க வைத்துக்கொண்டார். எந்த கோஸ்ட் ரைட்டரும் அதைக் கற்பனை செய்திருக்க மாட்டார்; அவ்வளவு அசல் அசட்டுத்தனம். டோனி ஆடம்ஸ் 1998இல், இங்கிலாந்துக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, தன் குடியைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். எனக்கு மிகப் பிடித்தது அந்தக் கால இங்கிலாந்து வீரர் லென் ஷாக்கிள்டன் 1955இல் தன் சுயசரிதையில் செய்தது. கிளப் இயக்குநர்களுக்குக் கால்பந்து பற்றி என்ன தெரியும் என்று ஓர் அத்தியாயத் தலைப்பு. கீழே வெற்றுப் பக்கம்.

அந்த வெற்றுப் பக்கத்தில் இருக்கும் ஆளில் கால்வாசிகூட என் 120 பக்கத்தில் இல்லை.

இனி வாங்குவதென்றால் விற்பனைப் பக்கத்தில் மாதிரிப் பக்கங்கள் இருந்தால் திறந்து, காப்புரிமைப் பக்கத்தை முதலில் பாருங்கள். அசல் என்றால் பெரும்பாலும் காப்புரிமை வீரர் பெயரிலோ அவர் கம்பெனி பெயரிலோ இருக்கும். கூட எழுதியவர் பெயர் உள்பக்கத்திலாவது வரும். பதிப்பகம் பெயரே இல்லை என்றால் தொடவே தொடாதீர்கள். அப்புறம் ஏதாவது ஒரு தோல்வியைப் பற்றிய பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஸ்கோரும் நிமிடமும் மட்டும் இருந்து, டிரெஸ்ஸிங் ரூமில் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

நான் விடாமல் எட்டு மெயில் போட்ட பிறகு பாதிப் பணத்தைத் தந்தார்கள். கூப்பனாக. அதே விற்பனையாளரிடம்தான் செலவழிக்க வேண்டுமாம், 30 நாளுக்குள். அவர்கள் பட்டியலில் இருப்பது எல்லாமே இந்த மாதிரி 'சுயசரிதை'தான். இன்னும் 9 நாள் இருக்கிறது.