தோலுக்கடியில் ஓர் இழை: சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சாரை ஒரு மாதம் பயன்படுத்திய அனுபவம்

ஏழு ஆண்டுகளாக எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் HbA1c பரிசோதனை 7.1 சதவீதத்துக்கும் 7.4 சதவீதத்துக்கும் இடையிலேயே நின்றுகொண்டிருந்தது. உணவைக் குறைத்தும் நடையைக் கூட்டியும், காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் அளவு மட்டும் 140-க்குக் கீழே இறங்கவே இல்லை. அதனால் என் மருத்துவரின் யோசனைப்படி, கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரை சென்சார்கள் இரண்டை வாங்கி, சித்திரை மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தினேன். நீரிழிவோடு பல ஆண்டுகள் வாழ்பவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது இதைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு. அது வெறும் எண்களைத் தருகிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் உடலுக்குள் எந்தெந்தச் சுரப்பி எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்பதை நம் கண்ணெதிரே காட்டுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை அது. உடன் வரும் கருவியைப் புயத்தின் பின்புறத்தில் வைத்து அழுத்தினால், ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய இழை தோலுக்கடியில் இறங்கி, வில்லை மேலே ஒட்டிக்கொள்கிறது. எறும்பு கடித்த அளவு வலிகூட இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு கைப்பேசிச் செயலியில் அளவுகள் வரத் தொடங்குகின்றன. 14 நாட்களுக்கு ஒரு சென்சார் உழைக்கும். இழையின் நுனியில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி பூசப்பட்டிருக்கிறது. அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் கருவி அளவாக மாற்றிச் சொல்கிறது. 1962-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனை என்ற கருத்துதான் இன்று இப்படி நம் கையில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விரலைக் குத்திப் பார்க்கும்போது நமக்குக் கிடைப்பது ஒரு புள்ளி. இதில் கிடைப்பது ஒரு கோடு. அந்தக் கோட்டில் நான் முதலில் கண்டுகொண்டது என் காலை நேரச் சிக்கலைத்தான். இரவு 11 மணிக்கு 118, அதிகாலை 3 மணிக்கு 112 என்று அமைதியாகக் கிடந்த கோடு, நாலரை மணியிலிருந்து மெல்ல ஏறி, நான் எழுந்து பல் துலக்கும் 6 மணிக்கு 148-ஐத் தொட்டிருந்தது. வயிற்றில் ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாத நேரத்தில் இந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது மருத்துவர் சொன்னார்: "நீங்க தப்பு ஒண்ணும் பண்ணலைங்க ஐயா. விடியறதுக்கு முன்னாடியே உங்க கல்லீரல் கடையைத் திறந்துடுது, அவ்வளவுதான்."

உறங்கிய முதல் சில மணி நேரங்களில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை வெளியிடுகிறது. பின்னிரவில், அதே பிட்யூட்டரியின் தூண்டுதலால் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகின்றன. நாம் விழிக்கும் வேளையை ஒட்டி அது உச்சத்தை அடைகிறது. பகல் வேலைக்கு உடலை ஆயத்தப்படுத்தும் இந்த ஏற்பாட்டில், கல்லீரல் சேமித்துவைத்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தை உடைத்தும் புதிதாக உண்டாக்கியும் குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. கணையத்திலிருந்து வரும் குளுக்ககான் என்னும் ஹார்மோனும் அதற்குத் துணைபோகிறது. நீரிழிவு இல்லாதவருக்கும் இதே ஏற்பாடு நடக்கிறது. ஆனால் அவருடைய கணையம் அந்த நேரத்தில் இன்சுலினைச் சற்றே கூட்டி, அளவு ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பதில் நடவடிக்கை போதுமான அளவில் நடப்பதில்லை. இதை அறியாமல் இரண்டு ஆண்டுகளாக இரவு உணவை ஒரு தம்ளர் மோரோடு நிறுத்திக்கொண்டு, காலையில் மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கல்லீரல் வெளியிடும் குளுக்கோஸைக் குறைப்பதே மெட்ஃபார்மினின் முதன்மையான வேலை என்பதால், மருத்துவர் இரவு மாத்திரையை நீடித்து வேலை செய்யும் வகைக்கு மாற்றினார். இரண்டாவது சென்சாரில் விடியற்காலை ஏற்றம் 130 அளவில் நின்றது.

அடுத்த பாடம் இட்லியில் கிடைத்தது. நான்கு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் எனக்கு வழக்கமாக 150 வரும். நல்ல அளவு என்றே நினைத்திருந்தேன். சென்சாரோ, சாப்பிட்ட ஐம்பதாவது நிமிடத்தில் 212 வரை ஏறி, பிறகு இறங்கியதைக் காட்டியது. இதற்கும் காரணம் ஹார்மோனின் நேரக் கணக்குத்தான். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள், குளுக்கோஸ் ஏறத் தொடங்கியதுமே தயாராக வைத்திருக்கும் கையிருப்பைச் சில நிமிடங்களில் வெளியே கொட்டும். அதன் பிறகே மெதுவான இரண்டாம் கட்டச் சுரப்பு தொடரும். நீரிழிவில் முதலில் நலிந்துபோவது அந்த முதல் வீச்சு. அது இல்லாதபோது சர்க்கரை முன்னே ஓட, இன்சுலின் பின்னால் துரத்த வேண்டியிருக்கிறது. இரண்டு இட்லியோடு நிறுத்தி, அதற்கு முன்பாகவே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலையும் ஓர் அவித்த முட்டையையும் சாப்பிட்டுப் பார்த்த நாட்களில் உச்சம் 170-ஐத் தாண்டவில்லை. அளவு குறைந்தது ஒரு காரணம். புரதமும் நார்ச்சத்தும் முதலில் குடலுக்குப் போகும்போது, ஜிஎல்பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் வெளிப்பட்டு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, கணையத்தையும் முன்கூட்டியே எச்சரிப்பது இன்னொரு காரணம். நாளமில்லாச் சுரப்பிகளின் பட்டியலில் குடலை நாம் சேர்த்துச் சொல்வதில்லை. ஆனால் ஹார்மோன் என்று முதன்முதலில் பெயர் பெற்ற செக்ரிட்டின், 1902-இல் கண்டறியப்பட்டது சிறுகுடலில்தான்.

சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால் கோடு சரிவதும் தெளிவாகத் தெரிந்தது. இயங்கும் தசை, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது.

பதினெட்டாம் நாள் இரவு நடந்ததை மறக்க முடியாது. பத்து மணி அளவில், என் அக்காவை மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகத் தொலைபேசி வந்தது. அப்போது அளவு 126. சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்து, அவர் நலமாக இருக்கிறார் என்று தெரிந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது கைப்பேசியைப் பார்த்தேன்: 179. எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. பதற்றத்தில் அட்ரினல் சுரப்பி வெளியிடும் அட்ரினலின் என்னும் ஹார்மோன் கல்லீரலைத் திறந்துவிட்டு இன்சுலின் சுரப்பையும் அடக்கிவைக்கிறது. ஓட வேண்டியோ போராட வேண்டியோ வந்தால் தசைக்கு எரிபொருள் வேண்டுமென்று உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. "கவலைப்பட்டால் சுகர் ஏறும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த வாக்கியம் எண்ணாக மாறி நின்றதைப் பார்த்தபோது கண் கலங்கியது. வீட்டில் என் மனைவி, "என்னங்க, அக்காவுக்கு ஆனதை நினைச்சா உங்களுக்கும் ஏறத்தானே செய்யும்" என்றாள்.

இனிக் குறைகள். இந்தக் கருவி இரத்தத்தை அளப்பதில்லை. செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை அளக்கிறது. இரத்தத்தில் நடக்கும் மாற்றம் அங்கே வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், அளவு வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரும் சென்சாரும் ஒத்துப்போவதில்லை. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு அபாய ஒலி கேட்டு எழுந்தேன்; செயலி 61 என்றது. வியர்வையோ நடுக்கமோ இல்லை. விரலைக் குத்திப் பார்த்தால் 104. அந்தக் கையின்மீதே ஒருக்களித்துப் படுத்திருந்ததால் அவ்விடத்தில் அழுத்தம் ஏற்பட்டுப் பொய்யான தாழ்வு காட்டியிருக்கிறது. உடல் சொல்வதும் செயலி சொல்வதும் பொருந்தாதபோது விரல்நுனியில் பார்த்த பிறகே சர்க்கரையை வாயில் போட வேண்டும். மயக்கம், படபடப்பு போன்ற அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

ஒட்டும் பசை நம் கோடைக்கு ஏற்றதாக இல்லை. முதல் சென்சார் பதினோராம் நாள், குளித்துவிட்டுத் துவட்டும்போது துண்டோடு வந்துவிட்டது. விற்ற நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே பதிவுக்குரல் இருந்தது. தமிழ் பேசும் ஒருவரை அடைவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு அவர் பொறுமையாகக் கேட்டு, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, நான் அழைத்ததிலிருந்து எட்டாம் நாள் மாற்றுச் சென்சாரை அனுப்பிவைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். செயலியிலும் பெட்டியில் உள்ள கையேட்டிலும் தமிழ் இல்லை. கிராமத்தில் தனியாக வாழும் அறுபது, எழுபது வயதுக்காரர்களுக்குத்தான் இது மிகவும் தேவைப்படும். அவர்களுக்குப் புரியாத மொழியில் எச்சரிக்கை எழுதிவைப்பதில் என்ன பயன்? இந்தக் குறையை நான் சிறியதாகக் கருதவில்லை.

சென்சார் ஒன்று எனக்கு ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்தது. மாதம் இரண்டு வீதம் ஆண்டு முழுவதும் வாங்குவது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆகாத காரியம். முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்கும், ஒரு நாளில் பல முறை இன்சுலின் போடுபவர்களுக்கும், தாழ்சர்க்கரை வந்தும் அதை உணராதவர்களுக்கும் இது தொடர்ந்து தேவைப்படலாம். மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்பது என் அனுபவம். அந்தப் பதினான்கு நாட்களில் என்ன சாப்பிட்டோம், எப்போது உறங்கினோம், எதற்குக் கலங்கினோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து, வரைபடத்தோடு மருத்துவரிடம் கொடுத்தால்தான் செலவழித்த பணத்துக்குப் பலன் கிடைக்கும். நீரிழிவே இல்லாதவர்கள் ஆர்வத்துக்காக இதைக் கட்டிக்கொண்டு, பழம் சாப்பிட்டபின் 140 வந்ததே என்று பயப்படுவதை நான் ஆதரிக்கமாட்டேன். உணவுக்குப் பின் அளவு சற்று ஏறி இறங்குவது இயல்பானது.

வாங்குபவர்களுக்கு இரண்டு செய்திகள். பெட்டியின் மேல் காலாவதித் தேதியையும், எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பதையும் பார்த்து வாங்குங்கள். வெயிலில் சுற்றிவரும் கூரியரைவிட, குளிர்சாதன வசதியுள்ள மருந்துக்கடை நல்லது. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். இரண்டாவது சென்சாருக்கு நான் அப்படித்தான் செய்தேன். மேலே ஒரு துளையிட்ட பிளாஸ்திரியும் ஒட்டிக்கொண்டேன். பதினான்காம் நாள் மாலை, நானே எண்ணெய் தடவி உரித்தெடுக்கும்வரை அது அசையவில்லை.