உப்புக்காற்றில் மூன்று வருடம்: ஒரு 650 வாட் பவர் சப்ளை

குளச்சலில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. கரண்டு போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, பாதி ரெண்டரிங் (எடிட் பண்ணியதை முழு வீடியோ ஃபைலாக ஆக்கும் வேலை) பாழாகும். பவர் சப்ளைதான் கோளாறு என்று முடிவுகட்டி, 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரச்சான்று) உள்ள ஒன்றை வாங்கினேன். மூன்று வருடம் ஆகிறது.

புதுசு மாட்டிய வாரமே மறுபடி ரீஸ்டார்ட்! இன்வெர்ட்டரைப் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் பின்னால் எட்டிப்பார்த்தார். "லே மக்கா, சுவிட்ச யூபிஎஸ் பக்கம் போடாம வச்சிருக்கியே." கரண்டு அறுந்தால் பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி செகண்டுதான். அதற்குள் இன்வெர்ட்டர் மாறியாக வேண்டும்; சுவிட்ச் யூபிஎஸ் பக்கம் இருந்தால்தான் அந்த வேகத்தில் மாறும். பழசைச் சும்மா பழித்துவிட்டேன்.

மல்டிமீட்டரில் மோலக்ஸ் பிளக்கின் மஞ்சள் வயரும் (12 வோல்ட்) கறுப்பும் (கிரவுண்ட்) வைத்துப் பார்த்தேன்: சும்மா இருக்கையில் 12.14 வோல்ட், ரெண்டரிங்கில் 12.06. போன வாரம் ரெண்டரிங்கில் 12.04. 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருந்தால் போதும் என்பது ஏடிஎக்ஸ் (கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கான தரவிதி) கணக்கு. மதர்போர்டு சாஃப்ட்வேர் 11.8 என்று பயமுறுத்தும். நான் மீட்டரைத்தான் நம்புவேன். ரிப்பிள், அதாவது வோல்டேஜில் வரும் வேகமான சின்ன ஏற்ற இறக்கம், பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும், அது என்னிடம் இல்லை.

ஃபேன் சத்தம் வேறு கதை. பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு, ஆடியோ சரிபார்க்கும்போதுதான் வரும்: 'டிக்', ஒரு சிணுங்கல், பத்து செகண்டில் அமைதி, மறுபடி 'டிக்'. லோடு குறைந்தால் ஃபேனை நிறுத்தும் வசதி இது; பெட்டியில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். விடாமல் கேட்கும் சத்தம் காதுக்குப் பழகிவிடும், நின்று நின்று வருவது பழகாது. பின்னால் இருந்த பொத்தானை அணைத்ததும் ஃபேன் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது, காதுக்கு எட்டவே இல்லை.

ஆனால் ஓடுகிற ஃபேன் காற்றை இழுக்குமே. இரண்டாம் வருடம் ஆடிக்காற்று முடிந்ததும் உரசல் சத்தம். கழற்றிப் பார்த்தால் கிரில்லில் தூசியும் உப்புஈரமும் சேர்ந்து, அரைத்த மாவுபோல் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. உள்ளே திறக்கவில்லை, கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஈர்க்குச்சியால் இறக்கையைத் தடுத்துப் பிடித்து பிரஷ்ஷால் தட்டி, புளோவர் அடித்ததில் உரசல் போனது.

பின்பக்கத்து நாலு ஸ்குரூவில் ஒன்று துருவேறி, கழற்றும்போதே தலை ஒடிந்தது. மற்ற மூன்றுக்கும் ஸ்டெயின்லெஸ் மாட்டியிருக்கிறேன். ஒடிந்தது உள்ளேயே கிடக்கிறது.