கோடிலிட்டி தேர்வு: பத்து வருட அனுபவசாலி எழுத வேண்டுமா?

மலேசியாவில் பங்சார் சவுத், பாயான் லெப்பாஸ் பக்கம் மென்பொருள் வேலைக்கு விண்ணப்பித்தால் கோடிலிட்டி போன்ற ஆன்லைன் நிரல் எழுதும் தேர்வுத்தளத்தின் லிங்க் வரலாம். தளம் கறாரானது. எழுதும்போது தளம் தரும் மாதிரிச் சோதனைகளும் நீங்களே சேர்ப்பவையும் மட்டும் ஓடும். மறைவான சோதனைகள் சமர்ப்பித்த பிறகுதான். விடைக்கும் வேகத்துக்கும் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். 1 லட்சம் எண்கள் கொண்ட பட்டியலில் லூப்புக்குள் லூப் (ஒவ்வொரு எண்ணுக்கும் முழுப் பட்டியலையும் மறுபடி சுற்றுவது) போட்டால் 1,000 கோடி சுற்று. விடை சரியாக இருந்தாலும் நேரம் தாண்டிவிடும். பெரும்பாலும் ஒரு ஹேஷ் மேப் (பார்த்த மதிப்பை உடனே தேடி எடுக்க உதவும் அட்டவணை) போதும், ஒரே சுற்றில் முடியும். காலிப் பட்டியல், ஒற்றை எண், எதிர்ம எண்களைச் சோதிக்காமல் சமர்ப்பிக்காதீர்கள்.

பிறர் எழுதிய பழைய நிரலைப் படிப்பது, டேட்டாபேஸ் திணறும்போது காரணம் தேடுவது எதையும் இத்தகைய தேர்வு பெரும்பாலும் அளக்காது. சீனியருக்கு அதுதானே வேலை!

ஒன்றரை மணி நேரம் என்றால் எழுதலாம். அதற்குமேல் வீட்டு அசைன்மென்டும் நான்கு நேர்காணலும் என்றால் யோசியுங்கள். நேர்காணலுக்கு விடுப்பு எடுக்க வேண்டிவரும்; இப்போதைய நிறுவனத்தில் 2 வருடத்துக்குக் குறைவான சேவைக்கு மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் தரும் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பே 8 நாள். எத்தனை சுற்று, சம்பளம் எத்தனை ரிங்கிட் என்று ஆள்சேர்ப்பவரிடம் முதலிலேயே கேளுங்கள். மழுப்பினால் லிங்க்கைத் திறக்கவே வேண்டாம்.