செயலிக்குள் பாஸ்வேர்டு: சாவி யார் கையில் இருக்கிறது?

காரைக்குடி சுற்று வட்டாரத்தில் சிறு வியாபாரங்களுக்குச் செயலி எழுதிக் கொடுப்பவர்களுக்கு எங்கே போனாலும் ஒரே கோரிக்கைதான். ஆத்தங்குடி டைல் பட்டறைக்காரர் கேட்பார், கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கியவர் கேட்பார், பலகாரக் கடை ஆச்சியும் கேட்பார்: "ஏன் தம்பி, திறக்கிற நேரமெல்லாம் பாஸ்வேர்டு கேக்குதே, அதுவா ஞாபகம் வச்சுக்கிடாதா?" நியாயமான கேள்விதான். முறுக்கு மாவு ஒட்டிய கையோடு பதினாறு எழுத்தைத் தட்டச்சு செய் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஞாபகம் வைக்கப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றை எடைபோட நான் கேட்பது ஒன்றைத்தான்: பூட்டின சாவி எங்கே இருக்கிறது? ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதுவது) போட்டிருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்பவர்களிடமும் இதையே கேட்கலாம்.

முதல் வழியில் சாவியே கிடையாது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு பில்லிங் மென்பொருளின் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டு என்ற வரிக்கு எதிரே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம், கடைசியில் இரண்டு சமக்குறி. அந்தச் சமக்குறிகளைப் பார்த்ததுமே பேஸ்64 என்று தெரிந்துவிடும். அது எழுத்தை வேறு வடிவில் எழுதுவது மட்டும்தான், பூட்டு இல்லை. பைத்தானில் ஒரு வரி எழுதினால் அசல் பாஸ்வேர்டு வந்து நிற்கும். ஆண்ட்ராய்டில் செயலியின் அமைப்புகளைச் சேமிக்கும் ஷேர்டு பிரிஃபரன்சஸ் கோப்பில் அப்படியே எழுதுவதும் இந்த ரகம்தான். மற்ற செயலிகள் அந்தக் கோப்பைப் படிக்க முடியாது, சரி. ஆனால் ஆண்ட்ராய்டு 6 முதல் தானியங்கி பேக்கப் உண்டு. நீங்கள் விலக்கி வைக்காவிட்டால் அந்தக் கோப்பும் பயனரின் கூகுள் கணக்குக்குப் போய்விடும்.

இரண்டாவது வழி, குறியாக்கம் செய்துவிட்டு அதன் சாவியைச் செயலியின் நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பது. ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஏபிகே கோப்பைப் பிரித்துக் காட்டும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. அதைவிட மோசம், எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சாவி. தேவகோட்டையில் ஒருவர் கண்டுபிடித்தால் பள்ளத்தூர்க் கடையின் கோப்பும் திறந்துகொள்ளும்.

நடுவில் ஒரு சந்தேகம் வரும்: "ஹாஷ் பண்ணி வைக்கலாமே?" ஹாஷ் என்பது பாஸ்வேர்டை ஒருவழியாக அரைத்து வேறொரு சரமாக்குவது. அதற்கான பிகிரிப்ட், ஆர்கான்2 முறைகள் எல்லாம் சர்வர் பக்கத்து வேலை. ஹாஷிலிருந்து அசலை மீட்க முடியாது என்பதால் செயலி அதை வைத்து உள்நுழைய முடியாது. சர்வர் அந்த ஹாஷையே ஏற்றுக்கொண்டால் ஹாஷே பாஸ்வேர்டு ஆகிவிடும், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, இயங்குதளம் தரும் பெட்டகம். அலச வேண்டிய இடம் இது, ஏனென்றால் ஒவ்வொன்றின் குணமும் வேறு. ஆண்ட்ராய்டு கீஸ்டோர் பாஸ்வேர்டை வைத்துக்கொள்ளாது, குறியாக்கச் சாவியைத்தான் வைத்துக்கொள்ளும். பெரும்பாலான போன்களில் அந்தச் சாவி வன்பொருளுக்குள் இருக்கும், செயலியின் கைக்கே வராது. இதில் ஒரு தொல்லை உண்டு. பயனர் புதுப் போனுக்கு மாறும்போது பூட்டிய கோப்பு பேக்கப்போடு வந்துவிடும், சாவி வராது. அந்தப் பிழையைப் பிடிக்காத செயலி திறந்ததுமே விழும். கோப்பை அழித்துவிட்டு மறுபடி உள்நுழையச் சொல்லுங்கள். கீஸ்டோர் சாவியால் கோப்பைப் பூட்டித் தர பலரும் நம்பியிருந்த என்கிரிப்டட் ஷேர்டு பிரிஃபரன்சஸ் என்ற நிரல் தொகுப்பு 2025-ல் கைவிடப்பட்டது. புதிதாக எழுதுபவர்கள் கீஸ்டோரை நேரடியாகப் பயன்படுத்துவதே மேல்.

ஐபோனின் கீசெயின் ரகசியத்தையே வாங்கி வைத்துக்கொள்ளும். இந்தச் சாதனத்துக்கு மட்டும் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் வேறு போனுக்குப் போகாது. செயலியை நீக்கினாலும் உள்ளே இருப்பது அழியாது என்பதையும் மறக்கக் கூடாது. மறுபடி நிறுவினால் பழைய கணக்கு எட்டிப் பார்க்கும். முதல் முறை திறக்கும்போதே பழையதைத் துடைத்துவிட வேண்டும்.

விண்டோஸில் இந்தப் பெட்டகத்தின் வேலையைச் செய்வது டிபிஏபிஐ, விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் தெருக்கதவு பங்காளிகள் எல்லோருக்கும் பொது, உள்ளே வளவில் புள்ளிக்கு, அதாவது திருமணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, தனிப் பூட்டு. கீசெயின் அறைப் பூட்டு, டிபிஏபிஐ தெருக்கதவு. அதே விண்டோஸ் கணக்கில் ஓடும் எந்த நிரலும் கேட்டால் திறந்து கொடுத்துவிடும். குரோம் இதில்தான் மாட்டிக்கொண்டு விழித்தது. தகவல் திருடும் நிரல்களைச் சமாளிக்க, 2024 ஜூலையில் 127-ஆம் பதிப்பில், குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் திறக்கும் குறியாக்கத்தைச் சேர்த்தார்கள். கானாடுகாத்தான் விடுதி வரவேற்பறைக் கணினியில் மூன்று பேர் ஒரே விண்டோஸ் கணக்கில் உட்காருகிறார்கள் என்றால் டிபிஏபிஐ அவர்களைப் பிரித்துப் பார்க்காது. ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு போட்டுக் கொடுப்பதுதான் முதல் வேலை.

வலைத் தொழில்நுட்பத்தால் கணினிச் செயலி எழுத உதவும் எலக்ட்ரானில் எழுதுபவர்கள், அதிலுள்ள சேஃப்ஸ்டோரேஜ் என்ற பூட்டும் வசதியை நம்பலாம், லினக்ஸில் மட்டும் பார்த்து. அங்கே ரகசியப் பெட்டகச் சேவை இல்லாவிட்டால், நிரலில் எழுதப்பட்ட, எல்லோருக்கும் ஒரே சாவிக்கு அது சத்தமில்லாமல் இறங்கிவிடும். அதாவது நம் இரண்டாவது வழிக்கு.

வலைச் செயலி என்றால், உள்நுழைந்த அமர்வின் அடையாளத்தை உலாவியில் எங்கே வைப்பது என்பதில் போட்டி, உலாவியின் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜுக்கும் எச்டிடிபி-ஒன்லி குக்கிக்கும். பக்கத்தில் ஓடும் எந்த ஜாவாஸ்கிரிப்டும் லோக்கல்ஸ்டோரேஜைப் படிக்கும், நீங்கள் ஒட்டவைத்த அரட்டைப் பெட்டியின் நிரல் உட்பட. 2002-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எச்டிடிபி-ஒன்லி குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாது. பக்கத்துக்குள் புகுந்தவன் அங்கிருந்தே கோரிக்கை அனுப்பலாம், அமர்வைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. என் ஓட்டு குக்கிக்கு.

இத்தனைக்கும் மேலே நான் வைப்பது பாஸ்வேர்டைச் சேமிக்காமலே விடுவது. ஆச்சி ஒரு தடவை உள்நுழைந்ததும் சர்வர் இரண்டு டோக்கன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் காட்டும் அனுமதிச் சீட்டு, தரும். சீக்கிரம் காலாவதியாகும் ஒன்று, அதைப் புதுப்பிக்க இன்னொன்று. புதுப்பிக்கும் டோக்கன் கீஸ்டோர் சாவியால் பூட்டி வைக்கப்படும், பாஸ்வேர்டு நினைவகத்திலிருந்து போய்விடும். போன் சந்தையில் தொலைந்தால் சர்வரில் அந்த ஒரு போனின் டோக்கனை ரத்து செய்தால் போதும், கடையில் இருக்கும் டேப்லெட் பாட்டுக்கு ஓடும். இன்னொன்றும் உண்டு: நம் ஆட்கள் கடைச் செயலிக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பார்கள். டோக்கன் திருடுபோனால் மின்னஞ்சல் தப்பிக்கும். சர்வரும் உங்கள் கையில் என்றால், புதுச் செயலிக்குப் பாஸ்வேர்டே இல்லாத பாஸ்கீயையே பார்க்கலாம். அதில் ரகசியச் சாவி பயனர் பக்கமே இருக்கும், சர்வரிடம் இருப்பது வெளியே தெரிந்தாலும் பாதகமில்லாத பொதுச் சாவி மட்டும்.

சர்வர் நம் கையில் இல்லாமல், எதிர்ப்பக்கம் அசல் பாஸ்வேர்டையே கேட்டால்? பழைய மின்னஞ்சல் சர்வர்களோடு பேசும்போது இது வரும். போனில் என்றால் கைரேகையோடு இணைத்த கீஸ்டோர் சாவி. பயனர் புதுக் கைரேகை சேர்த்தால் அந்தச் சாவி செல்லாமல் போகும், அதற்கும் வழி வைத்து எழுதுங்கள். பலர் உட்காரும் கணினியில் என்றால் முதன்மைச் சொற்றொடர் ஒன்றைக் கேட்டு, அதிலிருந்து சாவியை உருவாக்குவதுதான் வழி. சொற்றொடரைத் திரும்பத் திரும்ப ஹாஷ் செய்து சாவியாக்கும் பிபிகேடிஎஃப்2 முறை என்றால், ஷா-256 என்ற ஹாஷ் கொண்டு 6,00,000 சுற்று என்பது மென்பொருள் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப்பின் பரிந்துரை. விடுதிக்காரர் நாலு இலக்க எண் போதும் என்பார். கோப்பு வெளியே போனால் மொத்தமே 10,000 வாய்ப்புதான், எத்தனை சுற்று வைத்தாலும் நிற்காது. நாலைந்து தமிழ்ச் சொற்களைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.