மரக் குருவிக்கூடு: வாங்கத் தக்கதே, ஆனால் அதனோடு வேலியும் வேண்டும்

சிட்டுக்குருவிக்கென்று மரப்பலகையில் செய்த கூட்டுப்பெட்டிகள் இப்போது விதைக்கடை, நாற்றுப்பண்ணை, இணையக் கடை என எங்கும் விற்பனைக்கு வந்துவிட்டன. காங்கேயம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மாட்டுவதற்காக அவற்றுள் ஒரு வகையை 300 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கினோம். ஏறத்தாழ இதே அமைப்பில் பலரும் செய்து விற்பதால், செய்தவர் யார் என்பதைவிடப் பெட்டி எப்படி இருக்கிறது என்று எழுதுவதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் பார்க்க வேண்டியது நுழைதுளை. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை போதும். மிகப் பெரிதாக இருந்தால் மைனா குடியேறிவிடும், காகத்தின் அலகும் உள்ளே எட்டும். இந்தப் பெட்டியில் துளை சரியான அளவில், அடிப்பலகையிலிருந்து போதிய உயரத்தில் இருக்கிறது. துளைக்குக் கீழே குருவி உட்காரக் குச்சி எதுவும் வைக்காமல் விட்டிருப்பதைக் குறை என்று நினைக்க வேண்டாம். குருவி நேராகத் துளையின் விளிம்பைப் பற்றி நுழைந்துவிடும். குச்சி இருந்தால் அது குஞ்சுகளைத் தேடி வரும் காகத்துக்குத்தான் வசதி. உட்புறம் வண்ணம் பூசாமல் விட்டிருப்பதும் சரியான செயல். மேல்மூடி கீல் வைத்துத் திறக்கும்படி இருப்பதால், குஞ்சுகள் பறந்துபோன பிறகு பழைய வைக்கோலையும் இறகையும் அள்ளிச் சுத்தம் செய்ய முடிகிறது.

குறைகள் இரண்டு. அடிப்பலகையில் நீர் வடியத் துளை இல்லை. துளைக்கருவியால் நாமே நான்கு சிறு துளைகள் இட்டுக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய குறை, பெட்டியைக் கம்பிக் கொக்கியில் தொங்கவிடும்படி செய்திருப்பது. காற்றில் ஆடும் பெட்டியைக் குருவிகள் எளிதில் ஏற்பதில்லை. ஆகவே கொக்கியை அகற்றிவிட்டு, பின்பலகை வழியாகச் சுவரில் திருகாணி கொண்டு இறுக்குவதே நல்லது. பத்தடி உயரம், மேற்கு வெயில் படாத சுவர், அருகில் மின்விசிறி இல்லாத இடம் ஆகிய மூன்றையும் பார்த்து மாட்ட வேண்டும். வீட்டுக்குள் புகைப்படச் சட்டத்தின் பின்னால் கூடு கட்டிய குருவி விசிறியில் அடிபட்டு விழுவதைக் கண்டவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் அருமை தெரியும். அட்டைப்பெட்டி, பிளைவுட் வகைகள் மலிவானவை, ஆனால் மழையில் உப்பிவிடுகின்றன. மண்கலயம் குளிர்ச்சியானது, சுத்தம் செய்யக் கடினமானது.

பெட்டியைக் குறை சொல்ல இதற்கு மேல் இல்லை. ஆனால் அதனுடன் வரும் துண்டுத்தாளில், இதை மாட்டினால் குருவி தானே வரும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் அது குறைந்து வந்திருக்கிறது என்றும் கூறியது. ஓட்டு வீடுகளின் இடுக்குகள் மறைந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதைப் பெட்டி ஈடு செய்யும். இரை மறைந்ததை எந்தப் பெட்டியும் ஈடு செய்யாது. வளர்ந்த குருவி கம்பையும் தினையையும் கொத்தி வாழும், ஆனால் பொரித்த குஞ்சுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியுமே. மருந்து அடித்த தோட்டத்திலும் சிமென்ட் பாவிய முற்றத்திலும் அந்த இரைக்கு எங்கே போகும்?

பெட்டியோடு விலையில்லாமல் தரும் பூவிதைப் பொட்டலத்தில் இருந்தவை துலுக்கச் செவ்வந்தியும் ஜின்னியாவும். இரண்டும் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த செடிகள். பார்க்க அழகானவை, தேன் குடிக்க வண்ணத்துப்பூச்சிகளும் வரும். ஆனால் அவை முட்டையிட்டுப் புழு வளர இலை கொடுப்பவை வேறு செடிகள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் ஆவாரையிலும் கொன்றையிலும் முட்டையிடுகின்றன. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் அழகிகள் எனப்படும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளர்கின்றன. அந்தப் பொட்டலத்தில் ஒரு பிடி ஆவாரை விதையைப் போட்டிருந்தால் செலவு கூடியிருக்காது, பயன் பலமடங்கு ஆகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி, சில்லை ஆகியவை பொதுவாக இத்தகைய பெட்டிக்குள் கூடு வைப்பதில்லை. அகன்ற இலையைத் தைத்தும், கிளையிலிருந்து தொங்கவிட்டும், முட்புதரின் நடுவில் மறைத்தும் கட்டும் பறவைகள் அவை. அவற்றுக்கு வேண்டியது புதர். எங்கள் கொங்குப் பகுதியின் கொரங்காடுகளில் அந்தப் புதர் வேலியாகவே இருந்தது. கொழுக்கட்டைப் புல் விளையும் மேய்ச்சல் நிலம், இடையிடையே வெள்வேல மரங்கள், நான்கு பக்கமும் கிளுவை வேலி என்று காங்கேயம் மாடுகளுக்காக உழவர்கள் அமைத்த அந்த நிலம், யாரும் திட்டமிடாமலேயே கவுதாரிக்கும் வானம்பாடிக்கும் சில்லைக்கும் வீடாகிவிட்டது. கிளுவையின் முள்ளுக்குள் கூடு கட்டிய பறவையைப் பூனையால் எளிதில் அணுக முடியாது. இன்று அந்த வேலிகளைப் பிடுங்கிவிட்டுக் கல்காலும் முள்கம்பியும் நடுகிறார்கள். கம்பியில் கரிச்சான் உட்காரலாம், கூடு கட்ட எதுவும் இல்லை. இந்த இழப்பைப் பற்றிக் குருவி தினத்தன்று பெட்டி வழங்கும் மேடைகளில் யாராவது பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து இது. ஊரில் குருவி நடமாட்டம் இருந்து, வீட்டில் அது நுழைய இடுக்கு இல்லையென்றால் இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். குருவிகள் அருகருகே கூடு வைக்கும் இயல்புடையவை என்பதால் இரண்டு வாங்கினாலும் தகும். அதற்கு மேல் வாங்க ஒதுக்கிய பணத்தில் களா, நொச்சி, ஆடாதோடை, மருதாணி ஆகியவற்றின் கன்றுகளை வாங்கிச் சுற்றுச்சுவர் ஓரமாக நெருக்கமாக நட்டு, வெட்டி ஒழுங்குபடுத்தாமல் அடர விடுங்கள். கிளுவைக்குப் பணமே தேவையில்லை. பழைய வேலி வைத்திருப்பவரிடம் கேட்டு நாலு போத்து (கிளைத்துண்டு) வெட்டி வந்து ஊன்றினால் போதும்.