கீழக்கரை டிராவல்ஸ் கடையும் உம்மாவின் நோன்புக் கணக்கும்

தம்பி துபாயில். போன ரமலானில் உம்மாவை முதல் தடவையாக விமானத்தில் அங்கே கூட்டிப் போக வேண்டியிருந்தது. மதுரைக்கும் துபாய்க்கும் வான்வழி ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம் என்று செல்போனில் பார்த்துவிட்டு, "மதுரைக்குப் போய்த் திரும்புற நேரங்கூட ஆகாது" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன். கடைத்தெருவில் இருக்கிற அந்தச் சின்ன டிராவல்ஸ் கடைக்குப் போனபோதுதான் நான் சொன்னது அரைகுறை என்று புரிந்தது.

கடைக்காரக் காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) டிக்கெட் விலையைச் சொல்வதற்கு முன்னாடி, "உம்மாவுக்கு முட்டுவலி இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார். இருக்கு என்றதும் சக்கர நாற்காலிக்குப் பதிந்துவிட்டார். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. பிறகு பழைய பில் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். விமானம் பகல் 11.40. மூணு மணி நேரம் முன்னாடி உள்ளே இருக்கணும். திருப்புல்லாணி, ராமநாதபுரம் தாண்டி பரமக்குடி வரைக்கும் ரெண்டு வழிச்சாலைதான், அதற்கப்புறம் நாலு வழி. ஆகவே நோன்புக்கு முந்திய சஹர் சாப்பாட்டை முடித்து, விடிகாலை ஃபஜ்ர் தொழுது, அஞ்சரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். இறங்கும்போது அங்கே மணி ரெண்டரை இருக்கும், நம்ம ஊரில் நாலு. பெட்டி எடுத்து, தம்பி வீடு சேர அங்கத்து மணி அஞ்சரை ஆகிவிடும். மொத்தம் பதிமூன்றரை மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது மூணில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்துச் சொன்னதை வேறு எந்தக் கடையிலும் கேட்டிருக்க மாட்டேன். "மேற்கே போறீங்க, பொழுது கூடவே வரும். ரெண்டு ஊர்லயும் ஆறரை வாக்கில்தான் மஃரிப், நோன்பு திறக்கிற நேரம், ஆனா அவங்க ஆறரை நமக்கு எட்டு. நோன்பு ஒன்றரை மணி நேரம் நீளும். பயணத்துக்குச் சலுகை இருக்கு, அப்புறம் வேற நாள்ல நோன்பு வச்சு களா பண்ணிக்கலாம். உம்மாகிட்ட இப்பவே பேசி வைங்க." பேசினேன். உம்மா யோசித்து, நோன்போடேதான் வந்தாங்க. முன்கூட்டியே தெரிந்ததால் அன்றைக்குச் சஹரில் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டு, தண்ணீரும் நிறையக் குடித்தாங்க. ஜன்னலோரம் வெயில் குறையாமலே இருந்ததைப் பார்த்து, "அவர் சொன்னது சரிதான்" என்றாங்க.

திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும், இருபது நிமிஷம் குறையும் என்றும் எழுதித் தந்திருந்தார். அப்படியேதான் ஆனது.

குறை ஒன்று உண்டு. திரும்பும் நாளைக்கு அவர் பேசி வைத்த கார் நாற்பது நிமிஷம் தாமதம். அவ்வளவு நேரமும் உம்மாவை விமான நிலையத்துக்கு வெளியே உட்கார வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. சொன்னபோது காக்கா வருத்தப்பட்டார், வாடகையில் 300 ரூபாய் குறைத்தார். டிக்கெட்டும் நாமே செல்போனில் போடுவதைவிடத் தலைக்கு 400 ரூபாய் கூடுதல். வயசானவர்களைக் கூட்டிப் போவதானால் அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுங்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு அப்புறம் கடைக்குப் போங்கள், மதியம் ஷட்டர் பாதி இறக்கியிருக்கும்.